மூர்த்திக்கு எள்ளும் தண்ணீரும்

3 ஜூன் 1917

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். காட்டினால் எங்களை இந்த ரப்பர் தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள்.

இன்று துரைக்குத் தந்தி வந்தது. பாக்தாத் பக்கத்துச் சண்டையில் பெரிய கங்காணி காளியப்பனின் மகன் மூர்த்தி இறந்துவிட்டாராம். துரை தொப்பியைக் கழற்றினார். கங்காணி தரையில் புரண்டு அழுதார். நன்றாகவே அழுதார்.

மூர்த்தி பாலோ டவுனில் அவர் மாமன் கடை மாடியில் ஒளிந்திருக்கிறார். போன வாரம்கூட அவருக்கு அனுப்ப அம்மாதான் முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள்.

அவர் பெயரில் கப்பல் ஏறியது என் அண்ணன் தங்கராஜு.

5 ஜூன்

கங்காணி வீட்டுப் பிள்ளைதான் பட்டாளத்துக்கு வேண்டும் என்று துரை கேட்டிருந்தார். கங்காணி அண்ணனைக் கூப்பிட்டு, “பேரு மட்டுந்தான்டா அவனோடது. திரும்பி வந்தா நீயும் கங்காணி” என்றார். அண்ணன் சிங்கப்பூரில் துறைமுக வேலைக்குப் போயிருப்பதாக நாங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் இடமில்லை.

பேர் அவருடையது. குண்டு மட்டும் எங்களுடையது.

6 ஜூன்

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறாள். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே.

கங்காணி வீட்டு ஒப்பாரிக்கு அவளையும் கூப்பிட்டார்கள். போனாள். அங்கேதான் வாய்விட்டு அழ முடிந்தது. “ஊரான் புள்ளைக்கு இப்படி அழுவுறாளே, தங்கமான மனசு” என்று எல்லோரும் மெச்சினார்கள். வெற்றிலை கொடுத்து அனுப்பினார்கள்.

11 ஜூன்

பதினெட்டாம் தேதி கருமாதி. துரையும் வருகிறார். கோயில் பூசை செய்யும் பண்டாரம், மூர்த்தி பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அண்ணனுக்கு? ஒரு சொட்டும் கிடையாதா?

15 ஜூன்

அம்மாவுக்கு உதவியாகக் கங்காணி வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். கங்காணி சம்சாரம் வெள்ளையம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிராமல் சொன்னேன்: “பெரியம்மா, உசுரோட இருக்கறவங்க பேரச் சொல்லி எள்ளுத்தண்ணி எறைச்சா, அவங்களும் கெளம்பிடுவாங்களாமே?”

முறம் நின்றுவிட்டது.

அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகச் சொன்னதுதான்.

17 ஜூன்

வெள்ளையம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். மகன் துக்கம் என்கிறார்கள்.

18 ஜூன்

துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பண்டாரம் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு இறந்தவர் பேரைக் கேட்டார். கங்காணி வாயைத் திறக்கும் முன்னே வெள்ளையம்மா பாய்ந்து அதைப் பொத்திவிட்டார்.

“தங்கராஜுன்னு சொல்லுங்க சாமி. எம்புள்ள பாலோவுல உசுரோட இருக்கான்.”

துரை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைப் பார்த்து என்ன என்று கேட்டார். கிராணிக்கு முதல்முறையாக இங்கிலீசு மறந்துபோனது. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

“தங்கராஜு எம்புள்ளைங்க.”

பண்டாரம் அந்தப் பேரைச் சொன்னார். மூன்று தடவை. தண்ணீர் விழுந்த சத்தத்தைக் கேட்டேன்.

நாளை எங்கே படுப்போமோ தெரியாது. அம்மா இப்போது எங்கள் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டுதான், ஆனால் லயம் முழுக்கக் கேட்கும்படி அழுகிறாள். நான் தடுக்கவில்லை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.