முந்திக்கொண்ட சிரிப்பு

அன்புள்ள கனகாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அத்தையைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்பதால், லீவில் ஊருக்கு வரும் எங்கள் ரூம் சோலையப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நீ அங்கே, நான் இந்தப் பாலைவன ராஸ் லஃபானில், போனைக் காதில் வைத்தபடி ஒன்றாகப் பார்ப்போமே, அந்தப் பழைய பிரிட்டிஷ் விண்வெளிக் காமெடி. அட்டையில் செய்த கப்பலுக்குள், ஊர் திரும்ப வழியில்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் சில பேர். எத்தனை எபிசோட் பார்த்தாலும் சலிக்காது, எங்கள் ரூமையே பார்ப்பதுபோல இருக்கும்.

போன வெள்ளி, ஜோக் வருவதற்கு முன்பே நீ சிரித்துவிட்டாய். கேட்டால், "என் தம்பி முன்னாடியே போட்டான், சும்மா கூட உக்காந்து பாத்தேங்க" என்கிறாய். சும்மாவா? ரூமில் எல்லாரும் அதே எபிசோடைப் பார்த்துச் சிரித்தபோது, உன்னோடுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வெளியே வெயிலில் போய் நின்றேன் கனகா.

சோலையப்பன் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் தலைவலித் தைலமும் கொடுத்துவிடு. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

வருகிற வெள்ளியும் பார்ப்போம். முன்பே பார்த்திருந்தால் என்னிடம் சொல்லாதே. நான் சிரித்த பிறகு சிரி.

மணிமாறன்