சந்தனம் வைக்கும் விரல்

அண்ணா,

நான் அகதி முகாமில் உயிரோடு இருப்பது தெரிந்து, பாய்ஃபோட்டாப் பண்டிகைக்கு அழைத்து எழுதியிருக்கிறாய். "பழசை எல்லாம் மறந்துட்டு வாம்மா. தங்கச்சி கையால நெத்தியில சந்தனம் வச்சாத்தான் எனக்கு ஆயுசு கெட்டி" என்று. உன் ஆயுள்மேல் உனக்கு எப்போதுமே அக்கறை அதிகம்.

நம் ஊர் பாரிசாலில் அன்று மதக் கலவரத்தில் பக்கத்து வீடு எரிந்துகொண்டிருந்தது. நீ என் கூந்தலைப் பிடித்துக் குளத்துக்கு இழுத்துப் போனாய். "அவனுங்க கை படுறதுக்கு முன்னாடி போய்ச் சேருடி, மானமாவது மிஞ்சும்" என்று என் கழுத்தில் குடத்தைக் கட்டினாய். அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"பித்தளைக் குடம் வேணாம்டா! கல்கத்தாவுக்கு ஓடிப்போனா அங்க தண்ணி பிடிக்க என்ன இருக்கு? மண்குடத்தைக் கட்டு!"

நீ தள்ளிய வேகத்தில் மண்குடம் படியில் மோதி உடைந்தது. அதனால்தான் மேலே வந்தேன். படிக்கல்லைப் பற்றிய என் இடது கையை, எலும்பு நொறுங்கும்வரை நீ குதிகாலால் மிதித்தாய்.

நீங்கள் ஓடிய பிறகு என்னைக் கரையேற்றியவர் கலாம் என்ற படகுக்காரர். ஆமாம், அவர்களில் ஒருவர்தான். நசுங்கி அழுகிய விரலை அவர் மனைவி அரிவாள்மணையில் அரிந்து எறிந்தாள், நான் பிழைத்தேன்.

வருகிறேன், அண்ணா. அந்தப் பித்தளைக் குடத்தைத் துலக்கி வாசலில் வை, நான் பார்க்க வேண்டும். புரோகிதரிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுது. சந்தனத்தை இடது கைச் சுண்டுவிரலால்தானே வைக்க வேண்டும்? அந்த விரல் இல்லாதவள் எதைக்கொண்டு வைப்பாள்?

இப்படிக்கு,
நீ மிதித்த தங்கை