நீங்கள் நட்ட களாச்செடி

காலையிலிருந்து களாக்காய் அரிந்துகொண்டிருக்கிறேன். கையில் எண்ணெய் தடவியும் அதன் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. நீங்கள் இருந்திருந்தால், ஊறுகாய் ஆயிற்றா என்று இதற்குள் நாலு தடவை எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிமலைக்கு டிராக்டர் ஓட்டிப் போன மனுஷன், துண்டு முனையில் களாப்பழ விதையை முடிந்துகொண்டு வந்தீர்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லையில் மண்ணைக் கிளறினீர்கள். விதை காய்ந்தால் முளைக்காதாம், பழம் தின்ற அன்றே மண்ணில் போட வேண்டுமாம். முள்ளுச்செடி வைத்தால் வீட்டில் சண்டை வரும் என்று நான் கத்தினேன்.

"செடி இல்லாத வூட்ல மட்டும் சண்ட வர்லியா?" என்று சிரித்தீர்கள்.

சண்டை வந்தது, அந்தச் செடியை வைத்தே வந்தது. காயப்போட்ட புடவையெல்லாம் அதில் மாட்டிக் கிழிந்தது. வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று வருஷம் முழுக்க நச்சரித்தேன். நீங்களோ கிளையை ஒதுக்கிக் கட்டினீர்களே தவிர அரிவாளை எடுக்கவில்லை. முதல் காயில் ஊறுகாய் போட்டபோது, மோர்ச்சோற்றுக்கு நானே இரண்டாம் முறை தொட்டுக்கொண்டதைப் பார்த்தீர்கள். மீசைக்குள் சிரித்தீர்களே, அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் உங்கள் அண்ணன் அரிவாளோடு வந்தார். வீட்டில் முள் இருந்ததால்தான் நீங்கள் போனீர்களாம். இத்தனை வருஷம் அதைத் திட்டியவளாயிற்றே, நானே வெட்டச் சொல்வேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, செடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நட்டது அவரு, திட்டனது நானு. நடுவுல நீங்க வராதீங்க மாமா."

முதுகில் முள் குத்தியது. நான் நகரவில்லை. அவர் போன பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது செடி என்னைவிட உயரம். நேற்று மகள் திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்தாள். அவளோடு பழம் தின்றுவிட்டு, விதையை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து, போனதும் நட்டுவிடு என்றேன். முள்ளுச்செடி என்றால் மாப்பிள்ளை சண்டைக்கு வருவார் என்று தயங்கினாள்.

"வரட்டும்டி. சண்ட போட ஆளு இருக்கறப்பவே போட்டுக்கோங்க" என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து கொடியிலிருந்து புடவையை எடுத்தால், முந்தானையில் புதிதாக ஒரு கிழிசல். வழக்கம்போல உங்களைத் திட்டிக்கொண்டே மடித்து வைத்தேன்.