ஊருக்கெல்லாம் போட்ட சோறு

ஏளாவூர்,
ஆவணி, 1974.

அன்பு மகள் செங்கம்மாளுக்கு நைனா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பம்பாயில் நீயும் ஆராய்ச்சிக்கூடத்தில் நீ வளர்க்கிற உன் ஈக்களும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்காக எழுதுகிற சுகம் என்று தள்ளிவிடாதே, இந்த முறை நிஜமான சுகம். உன் அண்ணன் பரசுராமன் மகள் கன்னியம்மா பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தாயே, நாலு வயசாகியும் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. ராத்திரியெல்லாம் புரண்டு அழுவாள், விடிந்தால் உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். உன் அம்மா சுற்றிப்போட்டுப் பார்த்தாள், மந்திரித்துப் பார்த்தாள், நீ ஊருக்குப் போன பிறகு திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள், கிருத்திகைதோறும் குழந்தை பொழுது சாயும்வரை வெறும் தண்ணீரோடு விரதம் இருக்கும் என்று. பச்சைக் குழந்தைக்கு என்னடி விரதம் என்று கத்தினேன், இந்த வீட்டில் என் கத்தல் எந்தக் காலத்தில் எடுபட்டது? முதல் கிருத்திகையிலேயே மத்தியானம் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கண் செருகி, கழுத்து தொங்கிவிட்டது. முருகன் இறங்கிவிட்டான் என்று தெருவே கூடிவிட்டது. அடுத்த கிருத்திகைக்குள் செய்தி பரவி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கிற கம்பெனியில் வேலை கிடைக்குமா என்று குறி கேட்க ஆள் வந்துவிட்டது. குழந்தை முனகியது சோறு என்ற ஒரே சொல்தான். சாமி அன்னதானம் கேக்குதுயா என்றாள் உன் அம்மா. உடனே அண்டா ஏற்றி ஊருக்கெல்லாம் போட்டோம், நானும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறினேன். கேட்ட குழந்தைக்கு மட்டும் போடவில்லை. பூஜை முடிந்து குழந்தை வயிற்றுக்குள் பாலும் பழமும் போனதும் சாமி மலையேறிவிடும், மறு மாசமும் இதே கூத்து.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கே காவடியோடு கிளம்பினோம். ஊத்துக்கோட்டையில் பஸ் நிற்கும்போது குழந்தை என் மடியில் சில்லென்று கிடந்தது, உலுக்கினேன், முனகல்கூட இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் அரோகரா போட்டார்கள். எனக்கோ அந்த நேரம் பார்த்து உன் ஈ ஞாபகம் வந்தது. யாரிடமும் விட்டுவர மனசில்லாமல் பாட்டிலில் பஞ்சு அடைத்துப் பொங்கலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அவள் பம்பாய் போய் ஈ ஓட்டுகிறாள் என்று ஊரே சிரித்ததே, அதே ஈதான். இதுங்க துன்றது ஒடம்புல வலுவா மாறாது நைனா, மத்த ஈயெல்லாம் அடங்கினாலும் ராவுல இதுங்க அடங்காம திரிஞ்சிக்கினே இருக்கும், ஒரு வேளை தீனி தவறினா மொதல்ல உழுவுறது இதுங்கதான், அப்பன் ஆத்தா வழியா வந்த கோளாறு என்று நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது. சாமி வந்ததெல்லாம் பட்டினி நாளில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கி ஓடி டீக்கடையில் சர்க்கரையைக் கரைத்து வாங்கி உதட்டிலும் ஈறிலும் தடவினேன். யோவ், இன்னா பண்ற நீ, சாமி குத்தம் ஆயிடும்யா என்று உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சக்கரத் தண்ணிக்குப் போற சாமி போனாப் போவுது, நீ உடு என்றேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை நாக்கை நீட்டி நக்கியது, கண்ணைத் திறந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேனம்மா.

அங்கிருந்து நேராக மெட்ராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, சொந்தத்தில் கல்யாணமா என்றுதான். பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டு, அத்தை மகள்தான் என்றான். தின்கிற சோற்றை ஈரல் சேர்த்து வைத்துக்கொள்கிறதாம், பசிக்கிற நேரத்தில் எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லையாம். குதிர் நிறைய நெல் இருந்தும் வாய் அடைத்துக்கொண்டால் வீடு பட்டினிதானே, அதுதான் கதை. தூக்கம் கெட்டதும் அதனால்தானாம். இதற்கு மருந்து இல்லை, பட்டினி மட்டும் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏதாவது கொடுங்கள், ராத்திரியும் எழுப்பிக் கஞ்சி கொடுங்கள், வளர வளர மட்டுப்படும் என்றார்கள். உன்னை உன் மாமன் மகனுக்குக் கொடுக்கிற பேச்சை நானே நிறுத்திவிட்டேன், அந்தக் கவலையை விடு.

உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே, இனிமே அவ துன்னட்டும், அவளுக்கு பதிலு நான் பட்டினி கெடக்கறேன், முருகன் வாணாம்னா சொல்லப் போறான் என்றாள். நீ அடுத்த முறை அந்த பாட்டிலைக் கொண்டுவந்தால் கற்பூரம் காட்டுவாளாம். சிரிக்காதே, நிஜமாகவே காட்டுவாள்.

நேற்று ஆவணிக் கிருத்திகை. விடியலில் கன்னியம்மா தானாக எழுந்து வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து, தாத்தா, சோறு என்றாள். அதே சொல்தான். உன் அம்மா ஓடினாள். கற்பூரத் தட்டுக்கு இல்லை, அடுப்பங்கரைக்கு.

ஈக்கு வேளா வேளைக்கு வாழைப்பழம் வைக்கிற நீ, உன் சாப்பாட்டை மறந்துவிடாதே. நோய் நொடியில்லாமல் நூறு வயசு நன்றாக இரு. தீபாவளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேர்.

உன் நைனா,
ராஜவேலு