ஈட்டித் தொட்டில்

பீர்மேடு, தேயிலை எஸ்டேட் லயத்து வீடு.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜிஜிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மழையோடு முட்டுவலி மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பெயினில் நீயும் மாப்பிள்ளை ஜோபியும் பேத்தி ரிஞ்சுவும் சுகமாயிருக்க ஜெபித்தேன். ஜெபித்து முடித்தாயிற்று, இனிமேல் கோபம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், உன் தம்பி கபிரியேல் இதைப் படமெடுத்து இன்றைக்கே அனுப்புவான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரிஞ்சு வீடியோவில் வந்து எனக்கு ஒரு ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். கூனா. கூனா என்றால் தொட்டிலாம், ஒருவர் பிறந்த குடும்பத்தையும் அங்கே அப்படியே சொல்வார்களாம். நானும் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவள், "அம்மா கெடந்த ஈட்டி மரத் தொட்டில காட்டுங்க அம்மாச்சி, டீச்சர்ட்ட படம் குடுக்கணும், அம்மா பெரிய பங்களாவுல பொறந்தாங்கன்னு எழுதிட்டேன்" என்கிறாள். ரேஞ்சு இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் உன் மெசேஜ் வருகிறது, தொட்டிலை விற்றுவிட்டோம் என்று சொல்லிவிடும்மா என்று. எந்தத் தொட்டிலடி விற்றேன்? அது மேனேஜர் பங்களாத் தொட்டில். உனக்கு ஏழு மாதம், அவர்கள் பிள்ளையை ஆட்ட என்னைத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற காட்டிலிருந்து மூன்று மாதம் கூட்டிப்போனார்கள். அந்தத் தொட்டிலை ஆட்டியது இந்தக் கை. நீ எஸ்டேட் கிரெச்சில் என் கல்யாணச் சேலையில் தொங்கிக்கொண்டிருந்தாய், கட்டித் தொங்கவிட வேறு நல்ல சேலை என்னிடம் இல்லை. கிரெச் ஆயா புஷ்பமேரி, "ஏ ஞானம், உம்பிள்ள பட்டுல தூங்குது, நீ கந்தலோட நிக்கே" என்று எல்லாருக்கும் கேட்கச் சிரித்தாள், இன்றுவரை கோவிலில் எதிரே வந்தாலும் நான் அவளிடம் பேசுவதில்லை. உனக்குப் பால் கொடுக்க ஓடி வரப் பார்த்தால் பங்களாக்காரி, "அதுக்குள்ள என்ன அவசரம்" என்று நிறுத்துவாள், ரவிக்கை நனைந்துபோகும். இதையெல்லாம் உனக்குச் சொன்னதே நான்தான். நான் சொன்னதிலிருந்து தொட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டினவளை விட்டுவிட்டாய். பங்களாவில் பிறந்தவளுக்கு நான் யார், வேலைக்காரியா?

பிள்ளையைத் திட்டாதே, கேட்டது அவள் குற்றமில்லை. குளிரில் காதை மூடி அனுப்பு. கூரை மறுபடி ஒழுகுகிறது, கபிரியேல் தார்ப்பாய் போட்டிருக்கிறான். வருகிற ஞாயிறு ரிஞ்சு கூப்பிடுவாள், அதற்குள் நீயே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. அழுவாளே என்று பார்க்காதே, அழட்டும். நான் சொல்லிக் கேட்டால் பெற்ற தாயைப் பற்றி அவள் என்ன நினைப்பாள் என்று எனக்கே பயமாக இருக்கிறது, அதற்காகத்தான் உனக்கு இந்த ஒரு வாரம். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். ரிஞ்சுவுக்கு முத்தம். உனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்.

உன்னைப் பெற்றவள்,
ஞானபாக்கியம்