தாண்ட வைத்த மீன்

ரம்லா, கெர்க்கெனா தீவு
ஏப்ரல், புதன்கிழமை

அன்புத் தம்பி ஜீலானிக்கு,

அக்கா மப்ரூக்கா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை உன் மனைவி நஜ்வாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நல்லாத்தான் இருக்காரு மதினி, பஸ் கம்பெனில லீவுதான் தரமாட்டேங்கறான்" என்றாள். பெற்ற மகள் கல்யாணத்துக்கு லீவு தராத கம்பெனி மார்சேயில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. போனில் கேட்டால் நீ எடுக்கமாட்டாய். அதனால்தான் காகிதம். நாளைக் காலை மார்சேய்க்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு அலியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை இரவே உன் கையில் இருக்கும்.

உன் மகள் யுஸ்ரா தங்கமான பெண். ஆனால் காற்று வீசும் ஏப்ரலில் கல்யாணத்தைத் தீவில் வைத்துக்கொள்ளும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டால் சிரிக்கிறாள். "விருந்தாளிக்கெல்லாம் டிக்கெட் மலிவு அத்தை" என்கிறாள். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை.

விருந்தாளிகள் வந்த கதையைச் சொன்னால் சிரிப்பாய். மாப்பிள்ளை இத்ரீஸின் ஆட்கள் மொராக்கோவின் ஃபெஸிலிருந்து, பிள்ளைகளின் சிநேகிதர்கள் மார்சேயிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும். எல்லோரும் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் காற்று கிளம்பி, கப்பலை நிறுத்திவிட்டார்கள். பெட்டி படுக்கையோடு ஒரு நாள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறார்கள். நேற்று வந்து இறங்கியபோது மாப்பிள்ளையின் அம்மா லல்லா ஸுஹூர் முகம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. இறங்கியதும் முதல் வேலையாக மகனைப் பார்த்து, "கண்டம் விட்டுக் கண்டம் பொண்ணு தேடினியே, கரையிலயே ஒருத்தி கிடைக்கலையாடா உனக்கு?" என்றாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

பிரஸ்ஸல்ஸ் பையன் ஒருவன் நம் துணிக்கொடியில் காய்ந்த எட்டுக்கால் பேய்க்கணவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கால்சட்டையையும் பக்கத்திலேயே காயப்போட்டான். இப்போது அவன் போகிற இடமெல்லாம் பூனைகள் பின்னால் போகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்சேயில் வைத்தால் வருவேன், தீவில் வைத்தால் வரமாட்டேன் என்று மகளிடம் சொன்னாயாமே. உன் அத்தான் ஹம்மூதா மேல் உனக்குள்ள கோபம் எனக்குத் தெரியாததா? வேலி கட்டி மீன் பிடிக்கும் அப்பாவின் கடல் பாகத்தை நமக்கு இரண்டாகப் பிரித்தபோது உன் பாதியை வெளியூர்க்காரனுக்கு விற்கப் பார்த்தாய். இவர் குறுக்கே நின்றார். "அப்ப நீயே முழுங்கிக்கோ, இனிமே உன் முகத்துல முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாய். யுஸ்ராவுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் கேட்காத நாளும் இல்லை. ஒவ்வொரு அக்டோபரும் கடலில் வேலி கட்ட வண்டி வண்டியாகப் பேரீச்ச மட்டை வாங்குகிறாரே, எங்கள் பாதிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டால் "காத்து தின்னுடும்" என்பார். காற்றுக்கு அவ்வளவு பசியா என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

கல்யாணம் சனிக்கிழமை. மறுநாள் காலை பெண்ணும் மாப்பிள்ளையும் வாழ்வு செழிக்க மீனைத் தாண்ட வேண்டும். அந்த மீனைப் பெண்ணின் அப்பா கொண்டுவந்து வாசலில் வைத்துக் காவல் இருப்பதுதானே நம் வீட்டு வழக்கம். யுஸ்ரா ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகம் போகிறாள். விருந்தாளியை அழைக்கவாம். விருந்தாளி எல்லோரும் வந்தாகிவிட்டது, இன்னும் போகிறாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன்.

உன் அக்கா,
மப்ரூக்கா


ரம்லா
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நீ வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கொட்டும் குழலும் சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி விடியும்வரை ஓயவில்லை. யுஸ்ராவை ஒட்டகத்தின் மேல் கூண்டில் ஏற்றினோம். லல்லா ஸுஹூர், "எங்க ஊர்ல பொண்ண மனுஷன்தான் தோள்ல தூக்குவான், மிருகத்த நம்ப மாட்டோம்" என்றாள். "எங்க ஒட்டகம் பொண்ண இதுவரைக்கும் கீழ போட்டதில்ல, உங்க மனுஷன் எப்படியோ" என்றேன். ஒரு நாழிகை முறைத்துவிட்டுப் பிறகு என் தோளில் சாய்ந்து சிரித்தாள். கூண்டின் திரையை விலக்கி யுஸ்ரா துறைமுகச் சாலையையே பார்த்துக்கொண்டு போனாள். நான் பார்த்தேன், நஜ்வாவும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் கூத்து. நீ இல்லாததால் உன் அத்தானே எங்கள் பாதியிலிருந்து ஒரு நல்ல மீனைக் கொண்டுவந்து, விடிவதற்குள் வாசலில் பாய் விரித்து வைத்தார். வைத்துவிட்டு ஆடையும் மாற்றாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். காவலுக்கு ஆள் இல்லை. மற்ற எல்லோரும் இரவெல்லாம் ஆடிய களைப்பில் கிடந்தோம். முதலில் எழுந்தவள் லல்லா ஸுஹூர். வாசலில் தரையில் ஒரு முழு மீன் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஃபெஸில் கடலும் இல்லை, இந்த வழக்கமும் இல்லை. பாவம், சம்பந்தி வீட்டில் இவ்வளவு கவனக்குறைவா, பூனை தூக்கிவிடப்போகிறதே என்று செதில் நீக்கி, குடல் எடுத்து, கொத்தமல்லியும் பூண்டும் சீரகமும் அரைத்து அடைத்து அடுப்பில் வைத்துவிட்டாள்!

வாசனையில்தான் நாங்கள் விழித்தோம். விஷயம் தெரிந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அல்லாவே, என் மருமகளோட பரக்கத்தைப் பொரிச்சிட்டேனே!" என்று உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். யுஸ்ராவும் சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். "எங்கப்பா இருந்திருந்தா மீன் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு அத்தை" என்றாள். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உன் அத்தான் துடுப்புக் கழியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் வேலியின் பொறிக்கூட்டில் இருந்த ஒரே மீன் அடுப்பில் இருக்கிறது, இவர் எங்கே போகிறார்? என்னால் இருக்க முடியுமா? கடல் என்றால் எனக்குத் தலை சுற்றும், படகில் ஏறி எத்தனையோ காலமாகிறது. அன்றைக்கு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அவர் எங்கள் வேலியைத் தாண்டிப் போனார் ஜீலானி. உன் பாதிக்குப் போனார். அங்கே வெறும் தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உன் வேலி நின்றுகொண்டிருக்கிறது. மட்டை மட்டையாக, நேராக, எங்கள் வேலியைவிட நன்றாக. வேலி விழுந்த பாகம் அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்பது நம் கடலில் பிறந்த யாருக்கும் தெரியும். ஊர் ஆண்களுக்கெல்லாம் இந்த விஷயம் தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கரைக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்கிறார்கள். ஊரில் யார் வீட்டுக் கோழி எங்கே முட்டையிட்டது என்றுகூடக் கேட்டவள் நான்!

"யாரோட வேலி இது?" என்று படகிலேயே அவரிடம் கேட்டேன். "யாரோடது? அவனோடதுதான்" என்றார். அப்படியானால் இத்தனை வருஷ மீனெல்லாம் எங்கே என்றேன். "கூட்டோட வாய நான் மூடறதே இல்ல. மீன் வரும், போகும். அவன் மீன நான் எப்படித் தின்றது?" என்றார். ஆனால் அன்றைக்குக் கூடு மூடியிருந்தது. உள்ளே பெரிய கொடுவா ஒன்று வால் அடித்துக்கொண்டிருந்தது. யுஸ்ரா கப்பலில் வந்து இறங்கிய அன்றே மூடினாராம். பிறகு ஏன் முதலிலேயே இங்கிருந்து எடுக்கவில்லை என்று கேட்டேன். கழியை ஊன்றிக்கொண்டு கரையைப் பார்த்தார். "அவன் வந்து எடுப்பான்னுதான் மூடினேன்" என்றார். அதற்கு மேல் எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அழுதேன், வேறென்ன.

உன் கொடுவாவைத்தான் பிள்ளைகள் கைகோத்துத் தாண்டினார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருந்தார். லல்லா ஸுஹூரும் பரிகாரமாக அதன் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்து பூனைகளை விரட்டினாள். அவள் சமைத்த மீன் நம் சமையலைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இதை யுஸ்ராவிடமே கொடுத்தனுப்புகிறேன். மீன் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நீயே சொல்வாய் என்று விட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றதும் உன் அத்தான் வந்து பக்கத்தில் நின்றார். கேட்காமல் உன் மீனை எடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னார். உன் வேலியின் கிழக்கு ஓரம் சாய்கிறது, அக்டோபரில் இரண்டு ஆள் இல்லாமல் முடியாது என்றும் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அல்லாஹ் நிறைந்த வாழ்வைத் தரட்டும். உனக்கு உடல் சுகமும் நல்ல லீவும் தரட்டும். கூட்டின் வாயை அவர் இன்னும் திறந்துவிடவில்லை தம்பி. திறந்துவிடட்டுமா என்று நேற்றுக் காலையும் இன்று காலையும் என்னிடம் கேட்டார், நான் என்ன பதில் சொல்ல? மூடியே வைக்கச் சொல்லவா?

அக்கா மப்ரூக்கா