மரகதம் கேட்ட மூன்று வாரம்

6 ஜூலை 1957, சனி

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். மரகதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று சக்கர டிரைஷாவில் கூட்டி வந்தேன். டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டதாம். இரண்டு கண்ணும். இனி திரும்பாது. அவளுக்கு முப்பத்து நாலு வயது.

வழியில் ஒரு திருப்பத்தில், "நம்ம காஜா பேராங் வந்தாச்சா? கோயில் மணி கேக்குதே" என்றாள். வந்திருந்தது.

வீட்டுக்குள் வைத்த மூன்றாவது அடியில் தகரப் பெட்டி முழங்காலில் இடித்தது. அண்ணன் சிரம்பானுக்கு மாறிப் போனபோது விட்டுப்போன பெட்டி. அதைத் தாண்டினால் மண்ணெண்ணெய் டின்கள். உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இதெல்லாம் எப்பவும் இங்கதானே இருந்துச்சு. யோசிக்காமலே சுத்திப் போயிருக்கேன் பாருங்க."

பிள்ளைகள் இருவரும் அம்மா பக்கத்தில் வரவே பயந்தார்கள். செல்விக்குப் பதினொன்று, வசந்தாவுக்கு ஏழு. இரவு கஞ்சி.

7 ஜூலை, ஞாயிறு

புக்கிட் காதிலிலிருந்து ம.வின் தம்பி முருகேசு வந்தார். வந்த நேரமா அது! தண்ணீர் எடுக்க எழுந்த ம., குசினியில் காலி போத்தல் வரிசையில் கால் பட்டு விழுந்தாள். மூன்று போத்தல் உடைந்தது. நல்லவேளை, காலில் ஏறவில்லை.

முருகேசு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "அத்தான், தப்பா நினைக்காதீங்க. அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன். பிள்ளைங்களும் வரட்டும். இந்த வீட்டுல விட்டா ஒருநாள் அடுப்புல விழுந்து கிடப்பாங்க."

அவர் சொன்னது சரி.

ம. தரையில் உட்கார்ந்தபடியே: "மூணு வாரம் குடு தம்பி. அப்புறமும் நீ இதையே சொன்னா வரேன்."

மூன்று வாரத்தில் என்ன செய்வாள்?

8 ஜூலை, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் உட்காரச் சொன்னாள். "வீட்டுல என்னென்ன கிடக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் அரசாங்க இலாகா ஸ்டோரில் கிராணி, சாமான் கணக்கு எழுதுபவன். அங்கே ஒரு திருகாணிக்குக்கூட அலமாரி எண் உண்டு. இங்கே சொல்லச் சொல்ல எனக்கே வெட்கம்.

அண்ணன் பெட்டி 2.
மண்ணெண்ணெய் டின் 7, எண்ணெய் இருப்பது ஒன்றில்.
சைக்கிள், சக்கரம் இல்லை.
ஓடாத கடிகாரம் 3.
ஜப்பான்காரன் காலத்துச் சாக்கு, ஒரு மூட்டை.
குடை 5. விரிவது 1.
போத்தல் எண்ணவில்லை.

"உங்க பழைய நியூஸ் பேப்பர்?"

அதுவும்தான் என்றேன். சன்னல் உயரத்துக்கு இருக்கிறது.

"எதுக்கு இதுதான் இடம்னு உங்களால சொல்ல முடியலையோ, அது போகட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

10 ஜூலை, புதன்

அண்ணன் பெட்டிகள் லாரியில் சிரம்பானுக்குப் போயின. கடிதமும் போட்டேன். சைக்கிள் போயிற்று. சாக்கு போயிற்று.

பக்கத்து வீட்டு மீனாட்சி மாமி வந்தார். இங்கேயே பல தலைமுறை ஊறிப்போன செட்டி வீட்டு அம்மாள். கும்பிடுவது நம் சாமி, பேச்சு முழுக்க மலாய். அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் பழப் படையல், அதில் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் ஒரு தட்டு நமக்கு. ஊறுகாய் போட நல்ல போத்தல்களை எடுத்துக்கொண்டார். கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "ரூமா சூடா போலே நாபாஸ்" என்றார். வீட்டுக்கு இப்போதுதான் மூச்சு விட முடிகிறதாம்.

ம. சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவை.

வெட்டுக்கத்தி சாணை பிடிக்க வேண்டும்.

13 ஜூலை, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

பேப்பர் எல்லாம் போட்டாச்சா என்று வியாழனன்று கேட்டாள். ஆச்சு என்றேன். ஆகவில்லை. கடைசி இரண்டு வருடக் கட்டுகள் நாலு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். லண்டன் பேச்சுவார்த்தை, தேர்தல், இப்போது மெர்டேக்கா, சுதந்திர நாள் ஏற்பாடு எல்லாம் அதில் இருக்கிறது. நாடே மாறுகிற காலம், பிள்ளைகள் பின்னால் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

மத்தியானம் காற்றில் கதவு அடித்தது. சாத்தப் போனவள் பேப்பர்க் கட்டுகளில் கால் இடறி முகம் குப்புற விழுந்தாள். கதவு விளிம்பு பட்டு நெற்றி கிழிந்தது. செல்வி அலறினாள். மாமி ஓடி வந்து துணி வைத்து அழுத்தினார்.

ரத்தம் நின்ற பிறகு ம. சொன்னது: "நீங்க போட்டுட்டேன்னு சொன்னீங்க. அதனாலதான் கைய முன்னால நீட்டாம நடந்தேன்."

திட்டியிருக்கலாம்.

14 ஜூலை, ஞாயிறு

நாலு கட்டுகளையும் தலையில் சுமந்து பழைய பேப்பர் வாங்கும் சீனரிடம் நானே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்தால் கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்திருந்தாள்.

"இது உங்களுக்கு. இதுக்குள்ள அடங்குறது எதுவானாலும் வச்சுக்கங்க. நான் கேக்க மாட்டேன்."

நெற்றிக் கட்டோடு அப்படிச் சொல்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

18 ஜூலை, வியாழன்

மழை. துணி காயவில்லை.

குசினி அலமாரி முழுக்க அவள் சொன்னபடி. மேல்தட்டு இடமிருந்து சீனி, தேயிலை, உப்பு. உப்பு டின்னில் மட்டும் ஒரு நூல் கட்டியிருக்கிறது. நடுத்தட்டில் பருப்பு வகை. கத்திக்கு ஆணி. தீப்பெட்டி அடுப்புக்கு வலது பக்கம், ஒரு சாண் தள்ளி. எடுத்தவர்கள் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வசந்தாதான் எங்களில் கெட்டிக்காரி. நான் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன்.

இன்று கீரை ஆய்ந்து, அரிந்து, தாளித்து இறக்கினாள். நான் வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடுகு வெடிப்பது ஓயும்வரை காது கொடுத்திருந்துவிட்டு வெங்காயம் போட்டாள்.

"ஏங்க, அங்க நிக்காதீங்க. காத்து வரலை."

நான் நிற்பது காற்றில் தெரிந்திருக்கிறது!

22 ஜூலை, திங்கள்

ஆபீசில் கொடி கட்டக் கயிறு, கம்பம், பட்டியல் மேல் பட்டியல். தலைவலி.

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு, பிறகு கேட்பது. இன்னொரு தட்டு.

"என்ன மரகதம்?"

"சாமான் நிறைஞ்சு கிடந்தப்போ சத்தம் அப்படியே செத்துப்போகும். இப்போ திரும்பி வருது. சன்னல் திறந்திருக்கு. பின்கதவு சாத்தியிருக்கு. சரியா?"

சரி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கண்ணை மூடி நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு என் கைச்சத்தம் மட்டும்தான் கேட்டது. பன்னிரண்டு வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை.

28 ஜூலை, ஞாயிறு

முருகேசு வந்தார். பிள்ளைகளின் துணி வைக்க ஒரு பையும் கொண்டுவந்திருந்தார்.

"உக்காரு தம்பி, தேத்தண்ணி போடுறேன்."

முருகேசு எழப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே டின் திறக்கும் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம். கோப்பை விளிம்புக்குள் விரல் நுனியை வைத்து ஊற்றுவாள், சூடு எட்டியதும் நிறுத்துவாள். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

தட்டோடு வந்தாள். நேராக, தரையைத் தடவாமல், சாதாரணமாக. அப்போதுதான் கவனித்தேன். முருகேசு காலை நீட்ட முக்காலியைத் தள்ளியிருக்கிறார், அவள் வரும் வழியில். நான் வாய் திறப்பதற்குள் ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள்.

"முக்காலியை நகர்த்தினியே, இடது பக்கமா வலது பக்கமா?"

முருகேசு என்னைப் பார்த்தார்.

"இழுத்த சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னுதான் சரியா பிடிபடலை."

அவர் எழுந்து இரண்டு கையாலும் முக்காலியைத் தூக்கி, சத்தம் வராமல், இருந்த இடத்தில் வைத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. குடித்து முடிக்கும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது, "நான் வரேன்க்கா." வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

30 ஜூலை, செவ்வாய்

நல்ல வெயில். சாயங்காலம் ம. வாசலில் நின்று கேட்டாள், "மாமி வீட்டுக்கு நடுவுல என்னென்ன இருக்கு?"

நம் படி இரண்டு. மண். சாக்கடை மேல் பலகை, இரண்டு முழ அகலம். மாமியின் செம்பருத்தி வேலி. அவர்கள் படி மூன்று. சொன்னேன்.

"பலகை ஆடுமா?"

"ஆடாது."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

போய் மிதித்துப் பார்த்தேன். லேசாக ஆடியது. கல் வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு வந்து, ஆடியது, இப்போது ஆடாது என்றேன். தலையாட்டினாள். மாமியின் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் கேசரி வைத்துக் கையில் எடுத்தாள்.

"கூட வரவேண்டாம்."

அவள் அடிகளை எண்ணினேன். பலகையில் கால் வைக்கும் முன் ஒரு கணம் நின்றாள், செருப்பு நுனியால் தொட்டாள், ஏறினாள். தெருவில் போன சைக்கிள்காரர் மணியடிக்காமல் இறங்கி நின்றுவிட்டார். இருபத்தாறாவது அடியில் மாமியின் கதவு. தட்டினாள்.

உள்ளேயிருந்து மாமி, "சியாப்பா?" யார் என்கிறார்.

"நான்தான்" என்றாள் தமிழிலேயே, சத்தமாக.